வெள்ளைத் துணியிலேயே ஒரு குயில்ட்: மதுரைக் கடைகளுக்கும் மதுரை வெயிலுக்கும் ஏற்றபடி

திருநகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். முழுக்க வெள்ளை, சந்தனம், சாம்பல் என்று அடங்கிய நிறத் துணிகளை மட்டும் இணைத்து ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு குயில்ட் தைக்க அவருக்கு ஆசை. குயில்ட் என்றால் துண்டுகளை இணைத்த மேல் துணி, நடுவில் பஞ்சோ துணியோ, கீழே அடித் துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. வெள்ளைப் பாப்ளினில் நாலு கட்டம் வெட்டித் தைத்துப் பார்த்தாராம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு போல இருக்கிறதாம். மதுரையில் என்ன துணி வாங்குவது, உள்ளே எதை வைப்பது, இந்த ஊர் வெயிலில் அதை யார் போர்த்திக்கொள்வது, கறை பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். போதாக்குறைக்கு, "போயும் போயும் வெள்ளையிலா?" என்று மாமியார் வேறு முகம் சுளிக்கிறாராம்.

அந்த நாலு கட்டம் சோபிக்காததற்கு வெள்ளை காரணமல்ல. நான்கும் ஒரே பாப்ளின். நெசவு ஒன்று, கனம் ஒன்று, மினுக்கு ஒன்று. கலர்த் துணியில் தைக்கும்போது சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும் எல்லையைக் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும். தையல் சுமாராக இருந்தாலும் வடிவம் தெரிந்துவிடும். வெள்ளையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே கண்ணுக்குக் கிடைப்பவை மேடு, பள்ளம், அவற்றின் நிழல், இழையின் சொரசொரப்பு, இவ்வளவுதான். ஆகவே கடைக்குப் போனால் நிறத்தைத் தேடாமல் நெசவைத் தேடுங்கள். தைக்க உட்கார்ந்தால், துண்டுகளை இணைப்பதைவிட, மூன்று அடுக்கையும் சேர்த்து மேலே ஓட்டும் தையலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நம்பிக்கை வரவில்லையா, திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். 1636-ல் எழுப்பிய கட்டடம். வளைவுகளின் மேலே உள்ள சுதை வேலையைக் காலையிலோ மாலையிலோ, முற்றத்து வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். ஒவ்வொரு கொடியும் தனித்தனியே எழுந்து நிற்கும். வெளிச்சம் நேராக அடிக்கும் இடத்தில் அதே வேலை தட்டையாகிவிடும். உங்கள் குயில்ட்டுக்கும் இதே கதிதான். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் விரித்தால் தையல் பேசும். தலைக்கு நேர் மேலே எரியும் டியூப்லைட்டின் கீழ் விரித்தால் வெறும் வெள்ளைத் துணிதான். எங்கே விரிக்கப் போகிறீர்கள் என்பதைத் தைக்கத் தொடங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

இது இன்று நேற்று வந்த மோகமும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைக்கப்பட்ட, டிரிஸ்டன் என்ற வீரனின் கதைக் காட்சிகள் கொண்ட குயில்ட்டுகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உள்ள பார்ஜெல்லோ அருங்காட்சியகத்திலும் இன்றும் இருக்கின்றன. லினன் துணி, உள்ளே பருத்திப் பஞ்சு. உருவங்களை மட்டும் பஞ்சு அடைத்து உப்ப வைத்து, சுற்றிலும் இறுக்கித் தைத்திருக்கிறார்கள். பிறகு 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்திலிருந்து, வெள்ளைத் துணிக்குள் நூல்திரி செலுத்திய விரிப்புகள் ஐரோப்பா எங்கும் போயின. கிராக்கி எந்த அளவுக்கு என்றால், இங்கிலாந்தின் போல்ட்டன் பக்கத்து நெசவாளர்கள் அதே தோற்றத்தைத் தறியிலேயே நெய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு நெருக்கமாகச் சொன்னால் வங்காளத்துக் காந்தா. பழைய வெள்ளைப் புடவையும் வேட்டியும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையல் போடுவார்கள். பஞ்சே கிடையாது. மதுரை வெப்பத்துக்கு நான் கடன் வாங்கச் சொல்வது இந்தக் கடைசி முறையைத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் துணி. வெள்ளையில் இரண்டு கட்சி உண்டு. ஆலையில் வெளுத்து, ஒளிர்வூட்டும் ரசாயனம் ஏற்றிய பாப்ளின், கேம்பிரிக், புது வேட்டி எல்லாம் நீலம் கலந்த வெள்ளை. வெளுக்காத காடாத் துணி, கதர், லினன் எல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் காடா அழுக்கேறியது போலவும் பாப்ளின் பளீரென்று துருத்திக்கொண்டும் தெரியும். ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவது நல்லது. என் வாக்கு மஞ்சள் பக்கத்துக்கு. அதில் சந்தனம், பிஸ்கட், கோதுமை நிறம் எல்லாம் இயல்பாகச் சேரும். துவைத்துத் துவைத்துப் பழசானாலும் அழகு குறையாது. சாம்பல் நிறம் வேண்டுமானால் நீல வெள்ளைப் பக்கம் போங்கள். அப்போது சந்தனத்தை விட்டுவிட வேண்டும். இரண்டுமே வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், நீல வெள்ளையை ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒரே இடத்தில் குவியாமல் தூவலாம்.

கதருக்கு மேலமாசி வீதி. காந்தி 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அரையாடைக்கு மாறிய அதே கட்டடத்தில் இன்று கதர் விற்பனை நிலையம் இருக்கிறது. கை நூற்பில் இழை சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் வரும்; அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டியது. மற்றத் துணிகளுக்கு விளக்குத்தூண் சுற்றுவட்டாரமும் பத்துத்தூண் சந்தும் போதும். மல், காடா, கேம்பிரிக், லினன், வெள்ளையிலேயே கட்டம் நெய்த சட்டைத் துணி, சின்னச் சின்னப் புள்ளி நெய்த டாபி, சுருக்கம் விழுந்த சீர்சக்கர் என்று கேளுங்கள். கடைக்காரர் முதலில் ஒரே மாதிரியான ஐந்து வெள்ளையை எடுத்துப் போட்டு, "எல்லாம் வெள்ளைதானேம்மா, என்ன வித்தியாசம்?" என்பார். பொறுமையாக இருங்கள். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒரு மீட்டர்கூட வெட்டச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுங்கள். படத்தில் எல்லாம் ஒரே பூச்சாகத் தெரிந்தால், ஒரு படி அடர்த்தியான சந்தனமோ சாம்பலோ இன்னும் தேவை என்று பொருள்.

வேட்டித் துணி மலிவாகவும் அகலமாகவும் கிடைக்கும் என்பதால் பலர் அதைத் தேடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இன்று விற்கும் வேட்டிகளில் பாலியஸ்டர் கலந்தவை ஏராளம். விளிம்பில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் கலப்பு. கலப்புத் துணி சுருங்காது, மடிப்பு நிற்காது, வியர்வையும் உறிஞ்சாது. மேல் துணிக்கும் வேண்டாம், அடித் துணிக்கும் வேண்டாம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இழை மிகவும் தளர்வு, தையல் நிற்காது. அதோடு, நீங்கள் தப்பிக்க நினைப்பதே ஆஸ்பத்திரி ஜாடையிலிருந்துதானே!

மாமியார் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுவோம். வெள்ளை என்றதும் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு எது நினைவுக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு போர்வைக்காக வீட்டில் சண்டை வேண்டாம். சந்தனமும் கோதுமை நிறமும் கலந்துவிட்டாலே அவர் பார்வையில் அது வெள்ளைப் போர்வை என்ற கணக்கில் வராது. புதுத் துணிக்கு மூலையில் மஞ்சள் வைத்தே தீர வேண்டும் என்றால் தாராளமாக வைக்கட்டும். மஞ்சள் வெயில் பட்டால் வெளுத்துவிடும் சாயம். பின்பக்கத்து ஓரப்பட்டையில் வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இப்போது அளவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். தைத்த பிறகு 6 அங்குலம் வரும் சதுரங்கள் என்றால் குறுக்கே 10, நெடுக்கே 15, மொத்தம் 150. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும். ஆகவே ஆறரை அங்குலமாக வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியில் கரை போக ஒரு வரிசைக்கு 6 சதுரம் கிடைக்கும். ஏழு வகைத் துணி, ஒவ்வொன்றிலும் 75 சென்டிமீட்டர் வாங்கினால், துவைத்துச் சுருங்கிய பிறகும் ஒவ்வொன்றிலும் நாலு வரிசை, அதாவது 24 சதுரம் தேறும். ஏழுக்கும் சேர்த்து 168. மிஞ்சும் 18 சதுரம் ஒத்திகைக்கு. அடித் துணிக்கு 44 அங்குலத்தில் 5 மீட்டர். நடுவில் ஒரே மூட்டு வராமல், முழு அகலம் நடுவிலும் இரண்டு பக்கமும் பட்டைகளாகவும் பிரித்துத் தைத்தால் மடிக்கும்போது மூட்டு தேயாது. ஓரப்பட்டைக்கு இரண்டரை அங்குலப் பட்டைகள் எட்டு, அதற்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எடுங்கள்.

வாங்கி வந்ததும் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். காடாவில் நெசவுக்குப் போட்ட கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் அப்படியே இருக்கும். ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசினால்தான் தண்ணீரையே உறிஞ்சத் தொடங்கும். கதரும் காடாவும் பாப்ளினைவிட அதிகம் சுருங்கும். துவைக்காமல் ஒன்றாகத் தைத்தால், முதல் சலவையில் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தை இழுத்துக் கோணலாக்கிவிடும். உள்ளே வைக்கும் பருத்தி அடுக்கை மட்டும் துவைக்காமல் விடலாம் என்பது என் கட்சி. தைத்து முடித்த பிறகு அது சற்றே சுருங்கும்போது, தையல் கோடுகளுக்கு இடையில் மேல் துணி சின்னச் சின்ன அலையாக எழும்பும். கலர்க் குயில்ட்டில் சிலருக்கு அது பிடிக்காது. வெள்ளையிலோ அந்த அலை ஒவ்வொன்றும் ஒரு நிழல், காசில்லாமல் கிடைக்கிறது.

வெட்டி இணைக்கும்போது வெள்ளைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. உள்ளே மடிந்திருக்கும் தையல் விளிம்பு மேலே நிழலாகத் தெரியும். மல் துணியில் பட்டவர்த்தனமாகத் தெரியும். சந்தனத் துணியின் விளிம்பை வெள்ளைப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டால், வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு நிரந்தரமாகக் குடியேறிவிடும். எப்போதும் அடர்த்தியான பக்கம் மடியுங்கள். இல்லாவிட்டால் விளிம்பை விரித்து இஸ்திரி போடுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இருப்பதைக் கத்தரித்துவிடுங்கள். மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன், மேல் துணியின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒட்டியிருக்கும் நூல், தலைமுடி, பிசிறு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். உள்ளே போன ஒரு கறுப்பு நூல் துண்டைப் பிறகு எடுக்கத் தையலைத்தான் பிரிக்க வேண்டும். ரவிக்கை தைக்கும் அதே மிஷினில் தைப்பவர்கள், பாபினையும் அதன் கூட்டையும் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் விட்டிருந்தால் முதலில் கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிப் பார்த்த பிறகே வெள்ளையை வையுங்கள்.

உள்ளே என்ன வைப்பது? போடிப் பக்கத்து இலவம்பஞ்சு தலையணைக்கு ராஜா, குயில்ட்டுக்கு ஆகாது. வழுக்கும், ஒரு பக்கம் ஓடி ஒதுங்கும், துவைக்கவும் முடியாது. பாலியஸ்டர் அடுக்கு நன்றாக உப்பும், தையல் எடுப்பாகத் தெரியும், ஆனால் மே மாதத்தில் மதுரையில் அதற்குள் யாரும் படுக்க முடியாது. வீட்டில் யாராவது கொடைக்கானலில் இருந்தால் அவர்களுக்குத் தைத்துக் கொடுங்கள். நம் ஊருக்குச் சரியானது இரண்டு. ஒன்று, மெல்லிய பருத்தி அடுக்கு, இணையத்தில் கிடைக்கிறது. வாங்கும்போது வெளுத்ததா என்று பாருங்கள். வெளுக்காததில் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் பழுப்புப் புள்ளிகளாக இருக்கும். மல் துணிக்குக் கீழே அவை தெரியும். காடா போன்ற கனத்த மேல் துணி என்றால் கவலை இல்லை. இரண்டாவது, காந்தா வழி: நடுவில் பஞ்சுக்குப் பதிலாக மல் துணியையே இரண்டு அடுக்கு வைப்பது, அல்லது நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆன பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து வைப்பது. மின்விசிறிக்குக் கீழே விடியற்காலையில் போர்த்திக்கொள்ள இதற்கு மேல் தேவையில்லை. பழைய வேட்டியை வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு, கரையையும் வெட்டிவிடுங்கள்.

ஆனால் பஞ்சு மெலியும்போது மேடு பள்ளமும் குறைகிறது, நிழலும் குறைகிறது. இங்கேதான் மேல் தையல் கைகொடுக்க வேண்டும். விதி எளிது: நெருக்கமாகத் தைத்த இடம் அமுங்கும், தைக்காமல் விட்ட இடம் எழும்பும். ஒரு பூ தெரிய வேண்டுமானால் பூவுக்குள் தையல் போடாதீர்கள். அதன் விளிம்பை மட்டும் தைத்துவிட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கால் அங்குல இடைவெளியில் கோடு கோடாக நிரப்புங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் தைத்துவிட்டு ஒன்றும் எடுபடவில்லையே என்பார்கள். அடர்த்தி மாறினால்தான் எடுபடும். ஒரு கட்டம் நெருக்கம், அடுத்தது விசாலம் என்று மாற்றினால் கூடப் போதும்.

வடிவத்துக்கு வெளியூர் மாதிரிப் புத்தகம் எதற்கு? வாசலில் போடும் சிக்குக் கோலத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. எடுத்த கோட்டை விடாமல் புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோலங்களைத் தேர்ந்தெடுத்தால், மிஷினில் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டத்தில் தைத்துவிடலாம். சில சிக்குக் கோலங்கள் இரண்டு மூன்று தனி வளையங்களாகப் பிரிந்திருக்கும். காகிதத்தில் ஒருமுறை விரலால் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் வைத்தால் ஆறு அங்குலக் கட்டத்துக்கும் ஒத்துப்போகும். கையால் தைப்பவர்கள் புள்ளி இருக்கும் இடத்தில் தடித்த வெள்ளை நூலால் பிரெஞ்சு நாட் என்ற சின்ன உருண்டை முடிச்சுப் போடலாம். சுங்குடிப் புடவையில் வரும் புள்ளி வரிசையைச் சாயம் இல்லாமல், விரலுக்குத் தட்டுப்படும் மொட்டுகளாக மாற்றிய மாதிரி இருக்கும். குழந்தைக்குத் தைக்கும் போர்வையில் மட்டும் முடிச்சு வேண்டாம், உறுத்தும்.

கோலத்தைத் துணியில் ஏற்றுவது எப்படி என்பதுதான் வெள்ளையில் எல்லோரும் திணறும் இடம். வெள்ளைச் சாக்பீஸ் தெரியாது, நீலச் சாக்பீஸ் போகாது, பென்சில் கரி தையலுக்குள் இறங்கிச் சாம்பல் கோடாக நின்றுவிடும். தண்ணீரில் கரையும் நீலப் பேனாவைப் பயன்படுத்தலாம், ஆனால் கோடு முழுவதும் போகும்வரை அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சூடு பட்டால் நிலைத்துவிடக்கூடும். முதலில் வெறும் குளிர்ந்த நீரில் அலசிக் கோட்டைப் போக்கிய பிறகே சோப்பு. சூட்டில் மறையும் பேனாவால் வரைந்த கோடு கடும் குளிரில் திரும்பத் தெரியும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு உறைநிலைக்கும் சுமார் பத்து டிகிரி கீழே போக வேண்டும்; கொடைக்கானலின் மார்கழியும் அந்த அளவுக்குக் கொடுமை செய்வதில்லை. இருந்தாலும் மை துணியிலேயே தங்கிவிடுகிறது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

நான் சொல்லிக்கொடுக்கும் வழியில் மையே கிடையாது. வெள்ளைத் துணியின் குறை என்று சொன்னோமே, கீழே இருப்பது மேலே தெரியும் என்று, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். கோலத்தைக் காகிதத்தில் கறுப்பு மார்க்கரால் தடிமனாக வரைந்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேல் துணியின் கீழ் வையுங்கள். மல் துணி என்றால் அப்படியே தெரியும். காடா என்றால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். தெரியும் கோட்டின் மேல் மழுங்கிய வெண்ணெய்க் கத்தியின் முனையாலோ குரோஷா ஊசியின் பின்பக்கத்தாலோ அழுத்திக் கீறினால் துணியில் ஒரு மடிப்புக் கோடு விழும். ஜப்பானியர்கள் இதற்கென்றே ஹெரா என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். கோடு மறைவதற்குள் தைக்க வேண்டும் என்பதால் ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று கட்டம் மட்டும் கீறுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் கீறல் தெளிவாகத் தெரியும். நேர் கோடுகளுக்குக் காகிதமும் வேண்டாம், ஸ்கேலை வைத்துக் கீறினால் போதும்.

மார்சேய் வேலை போல உப்பிய கொடி வேண்டுமென்றால் ஒரு மூலையில் மட்டும் முயன்று பாருங்கள். முழுப் போர்வைக்கும் செய்ய நம் யாருக்கும் பொறுமை இருக்காது. பஞ்சு அடுக்கைச் சேர்க்கும் முன், மேல் துணிக்குக் கீழே ஒரு மல் துணியை மட்டும் வைத்து, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணை கோடுகள் தையுங்கள். பின்பக்கத்திலிருந்து மழுங்கிய தடித்த ஊசியில் மெத்தென்ற பருத்தித் திரி நூலைக் கோத்து அந்தச் சந்துக்குள் செலுத்துங்கள். பூஜை சாமான் கடைகளில் விளக்குக்கென்று கண்டாக விற்கிறார்களே, அந்த வெள்ளைத் திரி நூல் இதற்கு நன்றாகவே பொருந்தும். முன்பே துவைத்துச் சுருக்கிவிடுங்கள். வளைவு வரும் இடத்தில் ஊசியை வெளியே எடுத்து, ஒரு சின்ன வளையம் தளர்வாக விட்டு, அதே துளைக்குள் திரும்பச் செலுத்தினால் துணி இழுபடாது.

தையலில் வெள்ளைக்கு ஒரு நன்மையும் உண்டு. மேல் நூலும் பாபின் நூலும் ஒரே நிறம் என்பதால் இழுவிசை சற்று ஏறினாலும் இறங்கினாலும் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்காது. ஆனால் நூலின் வெள்ளையும் துணியின் வெள்ளையும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும். காடாவின் மேல் பளீர் வெள்ளை நூல் போட்டால் பிளாஸ்டிக் போல மினுங்கும். மிஷினில் இணைப்புக்கு இரண்டரை மில்லிமீட்டர், மேல் தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் தையல் நீளம் சரியாக இருக்கும். தைக்கும் முன் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகத் தையல் போட்டுவிடுங்கள். துருப்பிடிக்கும் மலிவான குண்டூசி வேண்டாம். வியர்வைக் கையோடு இரண்டு நாள் விட்டால் வெள்ளையில் துருப்புள்ளி நிச்சயம். ஓரப்பட்டை அடிக்க மட்டும் ஆள் வேண்டுமென்றால், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாமிக்குத் தொம்பை என்னும் தொங்கும் துணி அலங்காரமும், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேட உடைகளும் தைப்பவர்களுக்கு உங்கள் ஓரப்பட்டை விளையாட்டு.

அழுக்கைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. வெள்ளையில் கறை சீக்கிரம் தெரியும் என்பது உண்மை. ஆனால் சாயம் போகும் என்ற கவலையில்லாமல் வெந்நீரும் வெயிலும் காட்டலாம் என்பதும் உண்மை. சாம்பார், குழம்புக் கறையில் நிற்பது மஞ்சள். சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறிப் பதற வைக்கும். சோப்பின் காரத்தால் வரும் நிறம் அது, அலசினால் திரும்ப மஞ்சளாகும். ஈரத்தோடு நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் மீதியும் வெளுத்துவிடும். ஊசி குத்தி ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் ரத்தம் கெட்டிப்பட்டுத் தங்கிவிடும். வாழைக்கறை மட்டும் யார் பேச்சையும் கேட்காது, அதற்கு அருகில் கொண்டுபோகாமல் இருப்பதுதான் வழி.

மதுரையில் உண்மையான எதிரி ஆழ்குழாய்த் தண்ணீர். இரும்பு கலந்த தண்ணீரில் குளோரின் பிளீச் ஊற்றினால், கரைந்திருக்கும் இரும்பு துருவாகப் பிரிந்து துணியிலேயே படியும். வெளுக்கப் போட்டது பழுப்பாக வரும். பிளீச்சைக் கைவிடுங்கள், அது பருத்தி இழையையும் அரிக்கும். கடைசி அலசலுக்காவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். துருக்கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். இன்னொன்று, பெரும்பாலான சலவைத் தூள்களில் ஒளிர்வூட்டி இருக்கிறது. மாதக்கணக்கில் அதில் துவைத்தால், தேடித் தேடி வாங்கிய காடாவும் கதரும் மெல்ல மெல்ல நீல வெள்ளைக் கட்சிக்குத் தாவிவிடும். சொட்டு நீலம் போட்டால் இன்னும் மோசம். மஞ்சள் வெள்ளையோடு சேர்ந்து ஒரு மங்கிய சாம்பல் பச்சையாகும். சாதாரணச் சலவை சோப்பு போதும், பூந்திக்கொட்டை கிடைத்தால் நல்லது.

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் மடிப்புகள் மஞ்சளாகும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். துணி வாங்கப் போகும்போது முதலில் ஏழு வகையிலும் கால் மீட்டர் மட்டும் வாங்கி, துவைத்து, வகைக்கு ஒன்றாக ஏழு கட்டத்தில் ஒரு மாதிரி தைத்து ஜன்னலோரம் போட்டுப் பாருங்கள். எந்தத் துணி பிடிக்கவில்லையோ அதைத் தள்ளிவிட்டு மீதிக்கு முழு அளவும் வாங்கலாம்.